ஆவணிக்குத் தள்ளிய அப்டேட்

ஹலோ... ஹலோ... அண்ணே, கேக்குதா? நான் செல்வி... செல்விண்ணே, பெரம்பலூர் செல்வி... எந்தச் செல்வியா? உங்க கல்யாண சைட்டைப் பாத்துக்கற வெற்றிச்செல்வி... ஆமா... ஆமா, ஆமா...

ம்?... மைக்செட்டு சத்தத்துல ஒண்ணும் புரியல. கொஞ்சம் தள்ளி வாங்க... கூழு ஊத்தறீங்களா? கரண்டிய வேற யார்கிட்டயாச்சும் குடுத்துட்டு வாங்கண்ணே... அவசரந்தான். அவசரம் இல்லாமயா நாலாம் வெள்ளியும் அதுவுமா உங்களுக்கு ஒம்போது தடவ அடிப்பேன்?

...சரி. இப்ப கேக்குது. அண்ணே, உங்க ஆபீஸ் நம்பர் போட்டிருக்கற போன் எங்க? அந்தப் பட்டன் போன்... வூட்டுலயா? காலையிலேருந்து அடிக்கறேன், சுவிட்ச் ஆஃப்னு வருது... ஏன் அணைச்சு வெச்சிருக்கு?... சரி, சரி, அத அப்பறம் சொல்லுங்க. இப்ப அத ஆன் பண்ணணும். நான் சைட்டோட சர்வருக்குள்ள போகணும். போனா அந்த நம்பருக்குத்தான் ஓடிபி வரும். அந்த ஆறு நம்பர் வந்தாத்தான் என்னால உள்ளயே நுழைய முடியும்...

என் நம்பருக்கு வராதுண்ணே. மொத நாளே நீங்கதான சொன்னீங்க, சைட்டு என்னுது, சாவி என்கிட்ட இருக்கட்டும்னு... ஆங், அதான். சாவி உங்ககிட்ட. நான் தெருவுல நிக்கறேன்.

...ஆடியா? ஆடி பொறந்து இருவத்திரெண்டு நாளாச்சு, எனக்குத் தெரியாதா?... ஆடியில சைட்டுல கை வெக்கக் கூடாது. தெரியும்... தெரியும்ணே... ஐயோ, புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கல! இருக்கற ஓட்டைய அடைக்கறேன். கூரை ஒழுவுனா ஆவணி பொறக்கட்டும்னு அடியில குண்டான வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்களா?

...ராசிக்கட்டம். ஆமா. ரெண்டு வருசத்துக்கு முந்தி இதே ஆடியில ஒரு அப்டேட் போட்டேன், ராசிக்கட்டமெல்லாம் கலைஞ்சு போச்சு, குரு போயி சனி இருந்த கட்டத்துல உக்காந்துட்டாரு... ஆமா, ஆண்டிமடம் முந்திரிக்காரரு கோவிச்சுக்கிட்டு பொண்ணு ஜாதகத்தத் திருப்பி வாங்கிட்டாரு. எத்தன தடவதான் அதச் சொல்லிக் காட்டுவீங்க? அது வேற, இது வேற. அன்னிக்கு கட்டம்தான் கலைஞ்சுது. இன்னிக்கு...

அண்ணே, நேத்து ராத்திரி நீங்க எனக்கு ஒரு மெசேஜ் போட்டீங்கல்ல? ஆடியிலயே நாலாயிரத்துச் சொச்சம் பேர் பாத்திருக்காங்க செல்வி, ஆவணி பொறந்தா பிச்சுக்கிட்டுப் போவும்னு. கை தட்டற பொம்மையெல்லாம் வரிசையா போட்டு... ஆமா, அதேதான். அதப் பாத்ததும் எனக்கு சந்தேகம் வந்துடுச்சு.

...ஏனா? நீங்களே சொல்லுங்க. ஆடியில எந்த வூட்டுல ஜாதகத்தக் கையில எடுப்பாங்க? எவனாச்சும் பொண்ணு பாக்கக் கெளம்புவானா? போன வருசம் ஆடியில உங்க சைட்ட மொத்தமே எத்தன பேர் பாத்தாங்க தெரியுமா? நூத்திப் பத்து. அதுல பாதி நீங்களும் நானும். இந்த வருசம் மட்டும் நாலாயிரம் பேருக்கு ஆடியில கல்யாண ஆசை வந்துடுச்சா?

...இல்ல. விளம்பரத்தால இல்ல. பஸ் ஸ்டாண்டு சொவத்துல ஒட்டுன நோட்டீஸால இல்லண்ணே. கேளுங்க. கொஞ்சம் நான் பேசறதக் கேளுங்க.

சனி ஞாயிறு ஆனா சைட்டுலேருந்து எனக்கு ஒரு கணக்கு மெயில்ல வரும். எந்தப் பக்கத்த எப்ப, எத்தன தடவ தொறந்தாங்கன்னு. மூணு வாரமா நான் அதத் தொறந்தே பாக்கல. ஆடிதான, ஈ ஓட்டிக்கிட்டு இருக்கும்னு விட்டுட்டேன். உங்க மெசேஜ் வந்தப்பறம் காலையில எந்திரிச்சு எடுத்துப் பாக்கறேன்... அந்த நாலாயிரமும் ஒரே எடத்துல இருக்கு. மறுமணம் பகுதியில.

...ஆமா. பூட்டு போட்ட பகுதி... ஆமாண்ணே, அந்த அறுவத்து மூணு பொண்ணுங்க. போட்டோ, போன் நம்பர், வூட்டு விலாசம், எல்லாம்.

...யாரும் பாக்க முடியாதுன்னுதான் நானும் நெனச்சேன். நீங்க பாஸ்வேர்டு போட்டு உள்ள போனாத்தான் தெரியணும். வெளி ஆளுங்களுக்கு ம-ஒண்ணு, ம-ரெண்டுன்னு நம்பர்தான் தெரியணும், பேரே தெரியக் கூடாது. ஆனா பாத்திருக்காங்க. பாஸ்வேர்டு கேக்காமயே தொறந்திருக்கு.

...அண்ணே? லைன்ல இருக்கீங்களா?... ம். ம்... எனக்கும் அப்படித்தான்.

இப்பவும் தொறந்துதான் கெடக்கு. இந்த நிமிசம் வரைக்கும். அதான் சொல்றேன், நேரா வூட்டுக்குப் போங்க. அந்தப் போன ஆன் பண்ணுங்க. ஓடிபி வரும், எனக்குப் படிச்சுக் காட்டுங்க. அஞ்சு நிமிசத்துல மூடிடறேன்... எதுக்குப் பெரம்பலூர் வரணும்? காப்பு கட்டியிருக்கீங்க, ஊர் எல்லையத் தாண்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? உங்க தெருவுக்கு நடந்து போங்க, போதும். எத்தன தூரம்?... ரெண்டு தெருதான? நடங்க. நடந்துக்கிட்டே பேசுங்க.

...கம்பெனிக்காரங்ககிட்டயா? பேசிட்டேன். சர்வர் குடுக்கறவங்களுக்கு ஏழு மணிக்கே அடிச்சு, சைட்ட மூடி வைங்கன்னு கெஞ்சுனேன். அவங்களும் ஓடிபிதான் கேக்கறாங்க. அந்தம்மா இங்கிலீஷ்ல நாலு தடவ சாரி சொல்லுச்சு, அதான் ஆச்சு.

...சொல்றேன், சொல்றேன். நடங்க மொதல்ல... புரியற மாதிரியே சொல்றேன்.

நாம வூடு கட்டறப்ப வாசலுக்கு நிலை வெக்கறோம்ல? நாமளா செய்யறோம்? ரெடிமேடா வாங்கி வெச்சு, அதுல நம்ம கதவ மாட்டிக்கறோம். சைட்டும் அப்படித்தான். ஃப்ரேம்வொர்க்னு ஒண்ணு இருக்கு. யாரோ செஞ்சு குடுக்கறது, ஒலகம் பூரா லட்சம் பேர் அதைத்தான் வாங்கி வெச்சிருக்கான். அதுல நான் உங்க கதவ மாட்டியிருக்கேன். பூட்டு நல்ல பூட்டுண்ணே, நான் போட்ட பூட்டுல தப்பில்ல. நிலை கழண்டு போயிருக்கு. பூட்டத் தொடவே வேணாம், ஓரமா தள்ளுனா நிலையோட வந்துடும்.

...செஞ்சவங்களுக்குத் தெரியும். தெரிஞ்ச அன்னிக்கே சரி பண்ணி, எல்லாருக்கும் மெயில் போட்டாங்க. நாலு புள்ளி ரெண்டு புள்ளி எட்டு வெச்சிருந்தா உடனே ஒம்போதுக்கு மாறிக்கோங்கன்னு... ஆமா, கடைசி நம்பர் மட்டும்தான் மாறும். எட்டு ஒம்போது ஆவும், அவ்ளோதான். பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். சின்ன அப்டேட்.

அதுல இன்னொண்ணு இருக்கு. நிலை எங்க கழண்டிருக்குன்னு அவங்க மெயில்ல எழுதறாங்கல்ல, அத நாம மட்டுமா படிக்கறோம்? திருடனும் படிக்கறான். எவனெவன் இன்னும் மாத்தாம இருக்கான்னு தெருத் தெருவா தள்ளிப் பாத்துக்கிட்டே வருவான். மாத்துனவன் வூட்டுல வேலை நடக்காது. மாத்தாதவன் வூட்டுல நுழைஞ்சிருவான்.

...எப்ப வந்துச்சா? மெயிலா?...

வந்துச்சுண்ணே. கொஞ்ச நாளாச்சு.

...ஆடிக்கு முன்னாடிதான்... அண்ணே, நான் உங்ககிட்ட சொன்னேன். போன் பண்ணி சொன்னேன்ல, ஒரு சின்ன அப்டேட் இருக்குண்ணேன்னு? நீங்கதான் ஆடியில தொடாத, ஆவணி மொத முகூர்த்தத்துல நல்ல நேரம் பாத்துப் போடுன்னீங்க... சொன்னீங்க. ஜோசியரக் கேட்டு ஒம்போதுலேருந்து பத்தரைன்னு நேரம் கூட குறிச்சு அனுப்புனீங்க. மெசேஜ் இருக்கு, காட்டவா?... சரி. சரி, விடுங்க. யாரு சொன்னாங்கன்னு இப்ப பேசி என்ன ஆவப் போவுது. எங்க இருக்கீங்க? ரேசன் கடையா? இன்னும் அங்கயேதான் நிக்கறீங்களா? யாரு அது, பேசிக்கிட்டு?... வீரம்மாள் அத்தைகிட்ட அப்பறம் பேசுவேன்னு சொல்லிட்டு வாங்கண்ணே! கால்ல விழறேன்.

...ம். ம்.

...என்னது? வெளிய சொல்லக் கூடாதா?... அண்ணே, அறுவத்து மூணு வூட்டுக்கும் சொல்லித்தான் ஆவணும்... இல்ல. மூடிட்டா முடிஞ்சுதுன்னு எப்படி? எடுத்துட்டுப் போனது போனதுதான. ஆடி மூணு அன்னிக்கு, ஒரே நிமிசத்துல, ம-ஒண்ணுலேருந்து ம-அறுவத்து மூணு வரைக்கும் வரிசையா தொறந்திருக்கு. மனுசன் கண்ணால பாக்கற வேகம் இல்ல அது. ஏதோ மெசின வெச்சு மொத்தமா அள்ளியிருக்கான். அப்பறம் அந்தப் பக்கத்தோட முகவரிய எந்த குரூப்புல போட்டானோ, கண்டவனும் வந்து வந்து பாத்திருக்கான். நாலாயிரம் தடவ.

அதுல புருசன் செத்துப் போன பொண்ணுங்க இருக்காங்க. அடி தாங்காம ராவோட ராவா ஊர விட்டு வந்த பொண்ணுங்க இருக்காங்க. பழைய புருசனுக்குத் தெரியாம இருக்கணும்னுதான பூட்டுல வெக்கச் சொன்னாங்க? நாளைக்கு எவனாச்சும் அவங்க வாசல்ல வந்து நின்னா, எப்படி வந்தான்னு கூட அவங்களுக்குத் தெரிய வேணாமா?

...உங்க பேரு கெட்டுடும். ஆமா. கெடும். என் பேருந்தான்... சரிண்ணே, கத்தாதீங்க. சாமி காரியத்துல இருக்கீங்க, கத்தாதீங்க. மொதல்ல மூடுவோம். அப்பறம் சண்டை போடலாம்.

போன் யாருகிட்ட இருக்கு வூட்டுல?... பூங்குழலிகிட்டயா? அவதான ஆபீஸ் போன எடுப்பா. அப்ப எதுக்கு அணைச்சு வெச்சிருக்கா? வேலைக்கு வரலியா?... உங்க பொண்ணு உங்ககிட்டயே பேசறதில்லயா? ஏண்ணே, என்ன ஆச்சு?... எப்பலேருந்து?...

பதினேழு நாளா?

...ம்... ம்...

...யாரு, யாரு கூப்பிட்டாங்க? அவளோட சொந்த நம்பருக்கா?... ம்... என்ன மாதிரி பேசுனாங்களாம்?... ச்சீ... ச்சீ, அண்ணே, வேணாம், சொல்ல வேணாம்...

...நீங்க நம்பரக் குடுத்துட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டா. ம்... புரோக்கருங்ககிட்ட. ம்... கமிசனுக்கு... நீங்க யார்கிட்டயும் குடுக்கலன்னு சத்தியம் பண்ணீங்களா?... சூடத்துல அடிச்சா? அப்பவும் நம்பலியா...

...

அண்ணே, ஒரு நிமிசம்.

...ஒண்ணு கேக்கறேன். பூங்குழலியையும் சைட்டுல போட்டிருந்தீங்களா? மறுமணம் பகுதியில?... எனக்கு எப்படித் தெரியும், பேரு தெரியாதே எனக்கு, நம்பர்தான... எப்ப போட்டீங்க?... சித்திரையில. ம்... அவளே சரின்னு சொன்னாளா?... யாருக்கும் தெரியக் கூடாதுங்கற ஒரு கண்டிசன்ல. ம்.

அவளுக்கு என்ன நம்பர் வந்துச்சு, ஞாபகம் இருக்கா?...

நாப்பத்தொண்ணா.

...

இருங்க. பாக்கறேன்... பாத்துக்கிட்டு இருக்கேன், இருங்க... எனக்குக் கண்ணு ஒழுங்கா தெரிய மாட்டேங்குது... ம-நாப்பத்தொண்ணு... இருக்குண்ணே. இருக்கு. நூத்தி எண்பத்தாறு தடவ தொறந்திருக்காங்க.

...

அண்ணே, நின்னுடாதீங்க. நடங்க. அழுவாதீங்கண்ணே, தெருவுல... அண்ணே, நீங்க குடுக்கல. நீங்க யார்கிட்டயும் குடுக்கல. எனக்குத் தெரியும் இப்ப. அந்தப் புள்ளைக்கும் தெரியணும். நடங்க...

வூடு வந்துடுச்சா? கதவத் தட்டுங்க... தொறக்கலயா? என் பேரச் சொல்லுங்க. செல்வி லைன்ல இருக்கா, ஆபீஸ் போன ஆன் பண்ணணுமாம்னு சொல்லுங்க... பதிலே இல்லயா?... ஜன்னல் வழியா போன நீட்டுங்க. உங்க போனத்தான்! இந்தப் போன! நீங்க ஒண்ணும் பேச வேணாம், நீட்டுங்க, நான் பேசிக்கறேன்... ஸ்பீக்கர்ல போடாதீங்க... அண்ணே... குடுத்துட்டீங்களா?... ஹலோ?

...ஹலோ, பூங்குழலி?... நான் செல்வி பேசறேன்மா. சைட்டு பாக்கறனே, அந்தச் செல்வி... வெச்சுடாத. ஒரு நிமிசம். ஒரே ஒரு நிமிசம் குடு எனக்கு... அப்பா சொல்லி நான் பேசல. சமாதானம் பண்ண வரல. எனக்கு ஆபீஸ் போன் வேணும், அது ஆன் ஆவணும்...

...ஏன்னா... சைட்டுல ஓட்டை விழுந்துடுச்சு. பூட்டுப் போட்ட பகுதி மூணு வாரமா தொறந்து கெடக்கு. அறுவத்து மூணு பேரு விவரமும் வெளிய போயிடுச்சு... ஆமா. உன்னுதும். போன் நம்பரும் போயிருக்கு. உனக்கு வந்த போனெல்லாம் அப்படி வந்ததுதான்.

...

அப்பா குடுக்கலம்மா. அந்த மனுசன் யாருக்கும் குடுக்கல. எந்தப் புரோக்கருக்கும் குடுக்கல. நீ பேசாம இருந்தப்பக் கூட, நம்மள அறியாம எவன்கிட்டயாச்சும் வாய் விட்டுட்டமோன்னுதான் அவரு தன்னையே போட்டு வதைச்சுக்கிட்டு இருந்திருக்காரு...

...திட்டு. திட்டிக்க. ஆனா போன ஆன் பண்ணிட்டுத் திட்டு. இந்த நேரத்துலயும் எவனோ பாத்துக்கிட்டு இருப்பான்... ஆங். பண்ணு... சார்ஜ் இருக்கா?... சார்ஜர்ல போடு, போட்டுக்கிட்டே ஆன் பண்ணு. டவர் வந்துச்சா?... ஒரு கோடா? ஜன்னல் பக்கம் வா. சரி, நான் அனுப்பறேன். இப்ப பட்டன அமுக்கிட்டேன். வருதா?... வரலியா?... வேற மெசேஜா? எத்தன?... நூத்திச் சொச்சமா... அதெல்லாம் தொறக்காத. படிக்காத பூங்குழலி, அத விடு. ஆறு நம்பர் மட்டும் பாரு...

வந்துச்சா! சொல்லு... மூணு... ஏழு... ஏழா ஒண்ணா? ஏழு. சரி... பூஜ்யம்... ரெண்டு... ரெண்டு... ஒம்போது. இரு... இரு... உள்ள வந்துட்டேன்.

மொதல்ல சைட்ட மூடறேன். அப்டேட் அப்பறம்... மூடியாச்சு. இப்ப யாரு வந்தாலும் வெறும் வெள்ளைப் பக்கம்தான் தெரியும். இப்ப அப்டேட்டு ஓடுது... ரெண்டு நிமிசம் ஆவும். வெச்சுடாத...

...ம்? கேளு.

...அதான் சொன்னனே, ஃப்ரேம்வொர்க்ல... ஆமா. சரி பண்ணிக் குடுத்தாங்க. மெயில் வந்துச்சு... எப்பன்னா... ஆனி முப்பதாந் தேதி.

...இல்ல. ஆடி பொறக்கல அப்ப. ரெண்டு நாள் இருந்துச்சு.

...ஆமா. ரெண்டு நாள் கையில இருந்துச்சு. அஞ்சு நிமிச வேலை.

...அப்பா வேணாம்னாரு, ஆமா, ஆனா... இல்ல. இரு. நானே சொல்லிடறேன். அவருகிட்ட நேரா சொல்ல வாய் வரல எனக்கு. அப்பாவுக்கு போன் பண்றப்பவே நான்தான் மொதல்ல சொன்னேன், சின்ன அப்டேட்டுண்ணே, ஆடி வேற பொறக்கப் போவுது, ஆவணியில பாத்துக்கலாம்லன்னு. அவரு ஆமாம்மா ஆமாம்மான்னாரு. பூட்டுப் போட்ட பகுதி தொறந்துக்கும், ஆபத்து இருக்குன்னு சொல்லியிருந்தா ஆடியாவது ஒண்ணாவதுன்னு அவரே ஓடிபி எடுத்துக் குடுத்திருப்பாரு. நான் சொல்லல. கடைசி நம்பர்தான மாறுதுன்னு நானே அந்த மெயில பாதிதான் படிச்சேன்.

...வேலை இருந்துச்சு. ஆலத்தியூர் பக்கம் சிமெண்டு லாரிக்காரங்க ஒருத்தங்க சைட்டு இருக்கு, அதுல... ஆமா. அதுவும் இதே ஃப்ரேம்வொர்க்குதான்.

...

அதுக்குப் பண்ணிட்டேன்... மெயில் வந்த அன்னிக்கே... அவங்க ஒரு மணி நேரம் நின்னாலும் சத்தம் போடுவாங்க, லாரி வரிசை கட்டி நின்னுடும்னு... ஆமா, லாரிக்கு. லாரி நம்பரத்தான் அதுல வெச்சிருக்காங்க. ஆமா பூங்குழலி. லாரி நம்பருக்குப் பண்ணிட்டு உங்களுத அப்பறம்னு வெச்சேன்.

...ஆடியச் சாக்கு வெச்சுக்கிட்டேன். அது எனக்கு வசதியா இருந்துச்சு...

ஆங், முடிஞ்சுது. நாலு புள்ளி ரெண்டு புள்ளி ஒம்போது. வந்துடுச்சு. இரு, வெளியேருந்து நானே தள்ளிப் பாக்கறேன்... ம-ஒண்ணு... பாஸ்வேர்டு கேக்குது. ம-நாப்பத்தொண்ணு... கேக்குது. தொறக்கல. மூடிக்கிச்சும்மா. மூடிக்கிச்சு.

...தெரியும். போனது வராது. தெரியும்... நீ மொதல்ல நம்பர மாத்து. நான் எல்லாருக்கும் போன் பண்றேன், இன்னிக்கே ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரா... இல்ல, நீ எதுக்கு? நீ ஏன் பண்ணணும்? தப்பு என்னுது... நீ பேசுனா அவங்க நம்புவாங்களா? எப்படி... ம்... உனக்கும் வந்துச்சுன்னு சொல்லுவியா? உன்னால அதச் சொல்ல முடியுமா எல்லார்கிட்டயும்?... சரி. சரிம்மா. பட்டியல அனுப்பறேன். விலாசம் வெளிய தெரிஞ்சா உசுருக்கே ஆபத்துங்கறவங்களுக்கு மொதல்ல சொல்லு. ஜெயங்கொண்டத்துல ஒருத்தங்க இருக்காங்களாம், உங்கப்பாவுக்குத் தெரியும், கேளு...

அப்பா எங்க? வெளியவே நிக்கறாரா?... வாசல்லயா? உக்காந்துட்டாரா?... பூங்குழலி, நான் சொல்றதுக்கு எனக்கு யோக்கியத இல்ல, இருந்தாலும் சொல்றேன். கதவத் தொற. காப்புக் கட்டுன மனுசன், காலையிலேருந்து வெறும் வயிறு. கதவ மட்டுமாச்சும் தொற...

...ம்... தொறந்துட்டியா? சத்தம் கேக்குது...

...

...ஹலோ?... பூங்குழலி?... அழுவறாரா?... சரி, நான் வெச்சுடறேன். நீங்க பேசிக்கோங்க. அப்பறமா நான்...

...ம்? என்ன?... எங்கிட்டயா? கேளு...

...என் பேரா?

...

என் பேரும் அந்த அறுவத்து மூணுல ஒண்ணா இருந்திருந்தாவா?...

...

...இருக்கேன். கேட்டுச்சு, நீ கேட்டது நல்லா கேட்டுச்சு.

...அன்னிக்கே பண்ணியிருப்பேன். ஆனி முப்பதாந் தேதியே. மெயில் வந்த அஞ்சாவது நிமிசம்.

...பூங்குழலி?

...ஹலோ... ஹலோ...